கையெழுத்துப் போடுவதற்கு முன்: மனநல, நரம்பியல், சமூக நல ஆய்வுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆய்வுகளில் சேர அழைக்கப்படுபவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக்காட்டி விளக்குவது பல வருடங்களாக என் வேலை. நான் மருத்துவர் அல்ல. எதிரே இருப்பவர் படிவத்தின் எட்டாம் பக்கத்தில் கண் அயர்வதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாமா?" என்று கேட்பவன். கீழே இருப்பவை அந்த மேசையில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சில கேள்விகள் வீடு வரை என்னோடு வந்தவை.

இந்த ஆய்வில் சேர்ந்தால் எனக்குக் குணமாகிவிடுமா?

தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை.

இப்படிச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். சிகிச்சையும் ஆய்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன: அதே மருத்துவமனை, அதே வெள்ளை அங்கி, அதே ரத்த அழுத்தக் கருவி. ஆனால் சிகிச்சையில் மருத்துவர் உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து முடிவெடுக்கிறார். ஆய்வில், எல்லாருக்கும் பொதுவாக முன்பே எழுதிவைத்த திட்டப்படி நடக்கிறார். மருந்தின் அளவு, எத்தனை முறை ரத்தம் எடுப்பது, எப்போது வரச்சொல்வது எல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்கும். நீங்கள் அதில் ஒரு விடைக்கான பங்கு.

இந்த இரண்டையும் நோயாளிகள் குழப்பிக்கொள்வதை 1982இல் பால் அப்பெல்பாம் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதிக் காட்டினார்கள். மனநல ஆய்வில் பங்கேற்றவர்களிடம் பேசியபோதுதான் அது அவர்கள் கண்ணில் பட்டது. "யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரிப்போம்" என்று படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தாலும், "டாக்டர் எனக்கு ஏற்றதைத்தான் தருவார்" என்றே பலர் நம்பினார்கள். இன்றும் என் மேசையில் அதே பதில்தான் வருகிறது.

அப்படியென்றால் நான் ஏன் சேர வேண்டும்?

சேர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. சேர்ந்தவர்களால் என்ன கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன். 1983இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒரு சோதனையைத் தொடங்கியது. முந்தைய கர்ப்பத்தில் முதுகுத்தண்டோ மூளையோ முழுமையாக மூடாத குழந்தை உருவான பெண்கள், 7 நாடுகளில் 33 மையங்களில் 1,817 பேர் சேர்ந்தார்கள். அவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃபோலிக் அமிலம், ஒன்றுக்கு மற்ற வைட்டமின்கள், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டும் இல்லை. 1991இல் கணக்குப் பார்த்தபோது, அதே குறை 27 கர்ப்பங்களில் மீண்டும் வந்திருந்தது. ஃபோலிக் அமிலம் பெற்ற பாதியில் 6, பெறாத பாதியில் 21. உடனே சோதனையை நிறுத்திவிட்டார்கள். இனியும் ஒருவருக்கு அதைத் தராமல் இருக்க நியாயம் இல்லை. கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வதும், பல நாடுகளில் மாவிலேயே அதைக் கலப்பதும் உறுதியான சான்றோடு நடப்பதற்கு அந்தச் சோதனைதான் காரணம்.

அந்த 21 கர்ப்பங்களை நான் தாண்டிப் போவதில்லை. கையில் இருந்த மாத்திரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே விழுங்கிய பெண்கள் அவர்கள். நமக்குக் கிடைத்த விடையில் பாதி அவர்கள் தந்தது.

எனக்கு மருந்து கிடைக்குமா, வெற்று மாத்திரை கிடைக்குமா?

வெற்று மாத்திரை என்பது பார்க்க மருந்துபோலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. எது உங்களுக்கு என்பதைக் கணினி போடும் குலுக்கல் முடிவுசெய்யும். உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பரிசோதிப்பவருக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்குக் கோபம் வரும், "எங்களை வைத்து விளையாடுகிறீர்களா?" என்று.

வெற்று மாத்திரை வெறும் ஏமாற்று வேலை அன்று என்பதை மூளை ஆய்வே காட்டியிருக்கிறது. கை நடுங்கி அசைவு குறையும் பார்கின்சன் நோயில், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைகிறது. கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பார்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுவிட்டு, மூளையின் வேதி மாற்றங்களைக் காட்டும் பெட் (PET) ஸ்கேனில் பார்த்தார்கள். மருந்து வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அவர்களுடைய மூளை சொந்த டோபமைனைச் சுரந்திருந்தது. நோயாளி "கொஞ்சம் தேவலை" என்று சொன்னால் அது பொய் அல்ல. உண்மையிலேயே தேவலைதான். மருந்தின் பங்கு எவ்வளவு, எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத்தான் வெற்று மாத்திரை.

மனச்சோர்வில் இந்தப் பிரிப்பு இன்னும் கடினம். யாரோ வாரந்தோறும் உட்கார்ந்து அக்கறையாக விசாரித்தாலே பலருக்குத் தேறுகிறது. 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 522 சோதனைகளை, மொத்தம் 1,16,477 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கான 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாகவே வேலை செய்தன. ஆனால் வித்தியாசம் சராசரியாக மிதமானதுதான். "மருந்தெல்லாம் மோசடி" என்பவரும் "மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்பவரும் இதே கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஏற்கனவே பலன் தரும் சிகிச்சை இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை தருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பல ஆய்வுகளில், வழக்கமான சிகிச்சையை விடாமல் அதோடு கூட்டித்தான் புதிய மருந்தோ வெற்று மாத்திரையோ தருகிறார்கள். "என் பழைய மருந்து தொடருமா?" என்பது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அவசரம் என்றால்கூட எந்த மாத்திரை என்று சொல்லமாட்டீர்களா?

சொல்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் எந்த நேரத்திலும் அதைத் திறந்து பார்க்க வழி உண்டு. அந்தக் குறியீட்டை வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்துவையுங்கள்.

மனச்சோர்வை எப்படி அளக்கிறீர்கள்? ரத்தப் பரிசோதனை கிடையாதா?

கிடையாது. கேள்வித்தாள்தான். உலகம் முழுக்கப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்பதில் 9 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் இது உங்களை எத்தனை நாள் தொல்லைப்படுத்தியது? இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கூர்ந்து விசாரிக்கச் சொல்லும்.

வேடிக்கையாகத் தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒருமுறை ஒரு மூதாட்டியிடம், "மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று உணர்ந்தீர்களா?" என்று படித்தேன். "இல்லை" என்றார். தூக்கம்? "இல்லை." பசி? "அது போய் எவ்வளவோ நாளாயிற்று." அந்தப் பதில் இடித்ததால் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "தூங்கவில்லை என்று சொன்னீர்களா, தூக்கத்தில் தொல்லை இல்லை என்று சொன்னீர்களா?" என்று கேட்டேன். "தூக்கமே இல்லை" என்றார். நான் அதற்குள் 0 என்று வட்டமிட்டிருந்தேன். பிறகு மெல்ல மார்பில் கைவைத்து, "இங்கே ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி உன் தாளில் எதுவும் இல்லையே" என்றார். அதே தாளை மறுபடி முதலிலிருந்து போட்டபோது 17 வந்தது.

மொழிபெயர்ப்பு இந்தத் துறையில் பாதி ஆராய்ச்சி. ஒருவர் மொழிபெயர்க்க, அதைப் பார்க்காத இன்னொருவர் மூலமொழிக்குத் திருப்பிப்போட, இரண்டையும் ஒப்பிட்டு, பிறகு மக்களிடம் "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது?" என்று விசாரித்துத்தான் ஒரு கேள்வித்தாளை ஏற்றுக்கொள்வார்கள். கல் உட்காரும் மொழியில் 'சோர்வு' என்று மட்டும் கேட்டால் கல் தப்பித்துக்கொள்ளும்.

கேள்வித்தாளுக்குப் பதிலாக மூளையை ஸ்கேன் செய்துவிடலாமே?

கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதம் போன்றவற்றுக்கு ஸ்கேன் கண்கண்ட தெய்வம். ஆனால் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா, மனச்சிதைவு இருக்கிறதா என்று ஸ்கேனைப் பார்த்து உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. குழுவுக்கும் குழுவுக்கும் சராசரியில் வித்தியாசம் தெரியும். உங்கள் ஒருவருடைய படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வண்ணப் படங்களைக் கண்டு மயங்கக்கூடாது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு மீன். 2009இல் கிரெய்க் பென்னட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் ஒரு சால்மன் மீனை எம்ஆர்ஐ கருவிக்குள் கிடத்தி, மனிதர்கள் இருக்கும் படங்களைக் காட்டி, அவர்களுடைய உணர்ச்சி என்ன என்று 'கேட்டார்கள்'. மீனின் மூளையில் ஒரு புள்ளி சிவந்து ஒளிர்ந்தது. மீன் செத்த மீன். ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே 'வேலை செய்வதுபோல்' தெரியும், அதைக் கணக்கில் திருத்தாவிட்டால் செத்த மீனும் யோசிக்கும் என்று காட்டத்தான் அந்த வேலை. 2012இல் அதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுக்குத் தரும் பரிசு அது. இதைவிடப் பொருத்தமாகக் கொடுத்திருக்க முடியாது.

ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனில் எதிர்பாராத ஏதாவது தென்பட்டால் உங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மனச்சோர்வுக்கு ஒரு மரபணு உண்டாமே?

ஒரே மரபணு கிடையாது. பல வருடங்களாகச் சந்தேகத்தில் இருந்த 18 மரபணுக்களை 2019இல் மிகப் பெரிய தரவில் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. மரபின் பங்கு உண்டு. அது ஏராளமான மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது.

அல்சைமர் நோயை 27 சதவீதம் குறைக்கும் மருந்து வந்துவிட்டது என்கிறார்களே?

லெக்கனமாப் என்ற மருந்தைச் சொல்கிறீர்கள். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. எண் சரிதான். அது எதில் 27 சதவீதம் என்று பார்க்க வேண்டும்.

ஆரம்ப நிலை நோயாளிகள் 1,795 பேரை 18 மாதம் கவனித்தார்கள். நினைவு, அன்றாட வேலை முதலியவற்றை 0 முதல் 18 வரை மதிப்பிடும் ஓர் அளவுகோல்; எண் ஏற ஏற நிலைமை மோசம். வெற்று மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 1.66 ஏறியது. மருந்து பெற்றவர்களுக்கு 1.21. வித்தியாசம் 0.45. அதை 1.66இல் பங்கு போட்டால் 27 சதவீதம். இரண்டும் ஒரே உண்மைதான். தலைப்புச் செய்தியில் 27 வரும், குடும்பத்தார் வீட்டில் பார்ப்பது 0.45. இருபிரிவிலும் நோய் முற்றிக்கொண்டுதான் போனது, மருந்து பெற்றவர்களுக்குச் சற்று மெதுவாக. அந்தச் சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றினார்கள். மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பலருக்கு அறிகுறி இல்லாமலே.

இதைப் பெரிய முன்னேற்றம் என்பவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை. நோயின் போக்கைத் தொடவே முடியாமல் பல பத்தாண்டுகள் கழிந்த துறையில் 0.45 என்பது ஒரு கால்தடம். ஆனால் எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும், "எண்ணிக்கையில் சொல்லுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நல்லது.

என் அப்பாவுக்கு மறதி நோய். அவருக்காக நான் கையெழுத்துப் போடலாமா?

சில இடங்களில் போடலாம். சட்டம் யாரை ஏற்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அதற்கு முன் அவரிடம் கேட்டீர்களா?

மறதி நோய், மனச்சிதைவு என்ற பெயர் ஒட்டியவுடனே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் போய்விடுவதில்லை. காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்பலாம். ரத்தம் எடுக்கச் சம்மதமா என்பதைப் புரிந்துகொள்பவருக்கு, மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆய்வு புரியாமல் இருக்கலாம். எனவே படித்துக்காட்டியபின், "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடியுமா?" என்று கேட்பேன். படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. ஒருவர் திறனை இழந்திருந்து குடும்பம் சம்மதித்தாலும், ஊசியைக் கண்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டால் அதற்கு மதிப்பு உண்டு. நான் அங்கே நிறுத்திவிடுவேன்.

பக்கவாதத்தில் நினைவிழந்து வருபவருக்குத் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். அத்தகைய சில ஆய்வுகளில், ஆய்வு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் முன் அனுமதியோடு முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு சம்மதம் கேட்பார்கள்.

மனிதர்களைச் சோதனை எலி ஆக்கிய கதைகளைக் கேட்டிருக்கிறேன். நம்பலாமா?

அந்தக் கதைகளில் பல உண்மை. அவற்றை மறைக்கும் ஆய்வாளரை நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தது. விட்டுவைத்தால் மூளையையும் நரம்பையும் தின்னும் நோய் அது. 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் வழக்கமான சிகிச்சை ஆனபிறகும் அவர்களுக்குத் தரவில்லை. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க அவர்களை அழைத்த கடிதத்தில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'சிறப்பு இலவச சிகிச்சை'. முதல் கேள்விக்கு நான் அவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதற்குக் காரணம் இந்தக் கடிதம்தான்.

இன்று இருக்கும் விதிகள் இத்தகைய காயங்களிலிருந்து வந்தவை. நாஜி மருத்துவர்களை விசாரித்தபின் 1947இல் நியூரம்பர்க் நெறிகள். 1964இல் உலக மருத்துவக் கழகத்தின் ஹெல்சிங்கி பிரகடனம். டஸ்கிகீ அம்பலமானபின் 1979இல் பெல்மான்ட் அறிக்கை. ஹெல்சிங்கி பிரகடனத்தை 2024இல் திருத்தியபோது, ஆய்வுக்கு 'உட்படுத்தப்படுபவர்' என்ற பொருள் தரும் சொல்லை எடுத்துவிட்டுப் 'பங்கேற்பாளர்' என்று மாற்றினார்கள். அறுபது வருடம் எடுத்துக்கொண்ட ஒரு சொல்.

ஓர் ஊரையே ஆய்வில் சேர்க்கிறார்களே, அது எப்படி?

சிலவற்றை ஆள் ஆளாகப் பிரித்துச் சோதிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஆலோசனை சுவர் தாண்டி இவருக்கும் வந்துவிடும். அதனால் ஊர் ஊராக, மருத்துவ நிலையம் நிலையமாகக் குலுக்கிப் பிரிப்பார்கள்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தொடங்கிய 'நட்பு இருக்கை' இதற்கு நல்ல உதாரணம். மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த நாடு. மருத்துவ நிலையத்தின் வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. பிரச்சினைகளைப் பேசி, ஒன்றைத் தேர்ந்து, அதற்கு என்ன செய்யலாம் என்று நோயாளியோடு சேர்ந்து யோசிப்பது அவருடைய வேலை. ஹராரேயில் 24 நிலையங்களைக் குலுக்கிப் பிரித்து, 573 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. 2016இல் முடிவு வெளியானது. அளந்த கேள்வித்தாள் ஷோனா மொழியிலேயே பிறந்தது. 'மனச்சோர்வு' என்ற பெயரே அங்கே எடுபடவில்லை. 'குஃபுங்கிசிசா', அதாவது ஓயாமல் யோசித்துக்கொண்டே இருப்பது, என்றால் எல்லாருக்கும் புரிந்தது. கல் உட்கார்ந்திருப்பதாகச் சொன்ன மூதாட்டியை நினைத்துக்கொண்டேன்.

இத்தகைய ஆய்வில் ஊர்ப் பெரியவர் தலையசைத்தால் போதாது. அவர் கதவைத்தான் திறக்கலாம். தன்னைப் பற்றிய தகவலைத் தருவதா என்று ஒவ்வொருவரும்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நான் சொல்வது வெளியே போகுமா?

பெயருக்குப் பதிலாக எண் போட்டு வைப்பார்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனியே பூட்டில் இருக்கும். ஒரு விதிவிலக்கை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று தெரிந்தால் நான் ரகசியம் காக்கமாட்டேன். முன்பு சொன்ன பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கு அவரை மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

பணம் தருவார்களா?

பயணச் செலவும் இழந்த கூலியும் பொதுவாகத் தருவார்கள். ஆபத்தை மறக்கச்செய்யும் அளவுக்குத் தருவதாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

பாதியில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லாமலே. ஆனால் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். வந்து சொல்லிவிட்டு, மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

மருந்து பலிக்கவில்லை என்றால் நாங்கள் பட்ட பாடெல்லாம் வீணா?

பலிக்கவில்லை என்று வெளியிட்டால் வீண் இல்லை. அலமாரியில் பூட்டினால்தான் வீண். தோற்ற சோதனை வெளிவராவிட்டால் இன்னொரு நாட்டில் இன்னொரு குழு அதே மருந்தை இன்னும் சில நூறு பேருக்குத் தரும். அதனால்தான் சோதனை தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியச் சொல்கிறார்கள். உங்கள் படிவத்தில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.

வெளியானதெல்லாம் சரி என்றும் இல்லை. அல்சைமர் துறையில் பலர் பின்தொடர்ந்த ஒரு 2006ஆம் ஆண்டுக் கட்டுரை, அதிலுள்ள படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டதற்கான அடையாளங்கள் தெரிந்து 2024இல் திரும்பப் பெறப்பட்டது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்தபோது, மூன்றில் ஒன்றுக்குச் சற்றே அதிகமானவற்றில்தான் முதல் முடிவு மீண்டும் வந்தது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பார்கள். திருத்திக்கொள்ளத்தான் செய்கிறது, பதினெட்டு வருடம் ஆகிறது.

இறந்தபின் மூளையைத் தானம் செய்யலாமா?

செய்யலாம். மூளை வங்கிகள் இருக்கின்றன. கண் தானம்போல இன்னொருவருக்குப் பொருத்த அல்ல, ஆராய. இறந்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் எடுத்தால் நல்லது. வழக்கமாக ஒரு பாதியை மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பார்கள், மறுபாதியைச் சில வாரங்கள் ஃபார்மலினில் ஊறவைத்துக் கெட்டியாக்கி வெட்டிப் பார்ப்பார்கள்.

இந்தத் துறைக்கு மிக அதிகம் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொன்னால் ஹென்றி மொலேசனைச் சொல்வேன். 1953இல் வலிப்புக்காக அவருடைய மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை நீக்கினார்கள். வலிப்பு குறைந்தது, புதிய நினைவுகள் தங்குவது நின்றுபோனது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் மொலேசனின் கை அதை நன்றாகக் கற்றுக்கொண்டது. ஆனால் முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நினைவில் வகைகள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். 2008இல் அவர் இறக்கும்வரை உலகத்துக்கு அவர் எச்.எம். என்ற இரண்டு எழுத்து மட்டுமே. மறு ஆண்டு அவருடைய மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாத்தார்கள்.

எனக்கு எந்த நோயும் இல்லை. என் மூளை எதற்கு?

அதுதான் வங்கிகளில் பற்றாக்குறை. நோயுற்ற மூளையை எதோடு ஒப்பிடுவது? படிவத்தை வாங்கிச் செல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த நாளில் வங்கிக்குத் தொலைபேசியில் கூப்பிட வேண்டியவர்கள் அவர்கள்தான்.